729 என்று தொடங்கினால் இஸ்ரேல் சாமானா? பார்கோட் பற்றி நமது வியாபாரிகள் அறிய வேண்டியவை

2023 ஒக்டோபரில் காஸா மீதான யுத்தம் ஆரம்பமான பின்னர் நமது கடைகளில் ஒரு புதுப் பழக்கத்தைக் காண முடிந்தது. வாடிக்கையாளர்கள் பிஸ்கட் பக்கற்றையும் ஷாம்பூ போத்தலையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது விலையையோ காலாவதித் திகதியையோ அல்ல. கறுப்புக் கோடுகளுக்குக் கீழே இருக்கும் முதல் மூன்று இலக்கங்களையே தேடினார்கள். 729 என்றிருந்தால் இஸ்ரேல் பொருள், இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை என்று கையடக்கத் தொலைபேசிகளில் பரவிய செய்திதான் இதற்குக் காரணம்.

தன் பணம் யாருடைய கையில் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பது வாங்குபவரின் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்துபவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்காக அவர்கள் கையில் எடுத்திருக்கும் அளவுகோல் பிழையானது. கடைக்காரர்களாகிய நாம் இதைத் தெரிந்துவைத்திராவிட்டால் குற்றமற்ற சாமானைத் திருப்பி அனுப்பி நட்டப்படுவோம். வாடிக்கையாளர் தவிர்க்க விரும்பும் சாமானை "பயமில்லை" என்று சொல்லி அவர் தலையில் கட்டியும் விடுவோம்.

ஒரு நோன்பு காலத்தில் புறக்கோட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு மொத்த வியாபாரியின் கடையில் நின்றிருந்தேன். வெளியூரிலிருந்து சாமான் எடுக்க வந்த ஒருவர் பேரீச்சம்பழப் பெட்டியொன்றைக் காட்டி, "ஹாஜியார், இதுல 479 போட்டிருக்கு. நம்மட நாட்டுச் சாமான்தானே, பயமில்லயே?" என்று கேட்டார். ஹாஜியார் சிரித்தார். "நம்மட நாட்டுல எங்க தம்பி ஈச்சம்பழத் தோட்டம் இருக்கு?" என்றார். காத்தான்குடியில் வீதியோரத்துப் பேரீச்சை மரங்கள் காய்ப்பது உண்மைதான். ஆனால் நோன்புக்கு நாடு முழுவதும் விற்கும் பழம் அங்கிருந்து வருவதில்லை. அந்தப் பெட்டியிலிருந்தது வெளிநாட்டுப் பழம். இங்கே பொதி செய்த கொம்பனி இலங்கையில் தனது இலக்கத்தைப் பெற்றிருந்தது. 479 சொன்னது அவ்வளவுதான்.

முதல் மூன்று இலக்கம் என்ன சொல்கிறது?

பார்கோட் இலக்கங்களை வழங்குவது ஜீ.எஸ். 1 என்ற சர்வதேச அமைப்பு. பல நாடுகளில் அதற்கு உறுப்பு நிறுவனங்கள் உண்டு. அந்த நிறுவனங்களுக்கு முன்னிலக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இலங்கைக்கு 479, இந்தியாவுக்கு 890, பாகிஸ்தானுக்கு 896, மலேசியாவுக்கு 955, ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு 629, சீனாவுக்கு 690 முதல் 699 வரை, பிரித்தானியாவுக்கு 500 முதல் 509 வரை. 729 இஸ்ரேலுக்கு ஒதுக்கப்பட்டது என்பதும் உண்மையே. ஆனால் இந்த இலக்கம், கொம்பனி எந்த நாட்டு நிறுவனத்தில் தன்னைப் பதிவு செய்தது என்பதை மட்டுமே காட்டும். பொருள் எங்கே விளைந்தது, எங்கே செய்யப்பட்டது, இலாபம் யாருக்குப் போகிறது என்பவற்றில் எதையும் அது காட்டாது.

மாகாண எழுத்துள்ள வாகன இலக்கத் தகடுகளை நாம் அறிவோம். டபிள்யூ.பீ. என்ற எழுத்துள்ள வேன் மேல் மாகாணத்தில் பதிவானது. அது செய்யப்பட்டது ஜப்பானில், ஓடுவது கல்முனையில். தகட்டைப் பார்த்துவிட்டு வேன் கொழும்பில் செய்யப்பட்டது என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். பார்கோட் விடயத்தில் மட்டும் நம்பிவிடுகிறோம்.

ஆகவே இந்தச் சோதனை இரண்டு பக்கத்திலும் தவறும். இஸ்ரேலில் விளைந்த பழத்தை ஐரோப்பாவிலுள்ள ஒரு கொம்பனி வாங்கித் தனது பெயரில் பொதி செய்தால் அதில் 729 இருக்காது. இஸ்ரேலில் பதிவான ஒரு கொம்பனி வேறொரு நாட்டில் செய்வித்த பொருளில் 729 இருக்கலாம். அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் மைசூர்ப் பருப்பு இங்கே பக்கற் செய்யப்பட்டு 479 உடன் விற்கப்படுகிறது. நமது மலையகத் தேயிலை இங்கிலாந்தில் பொதி செய்யப்பட்டு 50 என்று தொடங்கும் இலக்கத்துடன் விற்கப்படுகிறது.

உற்பத்தி நாட்டை அறிய வேண்டுமானால் லேபலில் எழுத்தில் உள்ளதையே பார்க்க வேண்டும். இறக்குமதி உணவுப் பொதிகளில் உற்பத்தி நாட்டைக் குறிப்பிடுமாறு உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் கோருகின்றன. அது இல்லாத பொதியை இறக்குமதியாளர் கொண்டுவந்தால் கேள்வி கேட்க வேண்டியவர் கடைக்காரர்தான். தேயிலைக்கு இதைவிட நல்ல அடையாளம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாகவும் இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாகவும் இருந்தால்தான் கொடுக்கப்படும். பிறப்பிடத்துக்கு உத்தரவாதம் அதுதான்.

இந்த வதந்தி புதியதுமல்ல. 2008 இல் சீனாவில் பால்மாவில் மெலமின் கலந்த விவகாரம் வெளிவந்தபோது, 690 இலிருந்து 695 வரை உள்ளவற்றை வாங்காதீர்கள் என்று இதே பாணியில் மின்னஞ்சல்கள் உலகம் சுற்றின. அமெரிக்காவில் சில கிறிஸ்தவர்கள், ஒவ்வொரு பார்கோட்டிலும் 666 என்ற ஷைத்தானின் இலக்கம் ஒளிந்திருக்கிறது என்று பல ஆண்டுகள் பிரசாரம் செய்தார்கள். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் சற்று நீண்டு இருக்கும் இரட்டைக் கோடுகள் 6 என்ற இலக்கத்தின் கோடுகளைப் போலத் தோன்றுவதே அதற்குக் காரணம். அவை இலக்கமே அல்ல, இயந்திரத்துக்கான எல்லைக் குறிகள். கொண்டுவரப்பட்ட செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரா அல்ஹுஜுராத்தில் கட்டளை பெற்ற சமூகம் இந்த வரிசையில் நிற்பதுதான் எனக்கு வருத்தம்.

கடற்கரை மணலில் பிறந்த கோடு

இதன் கதை கடைக்காரரின் தேவையிலிருந்தே தொடங்கியது. 1948 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உணவுக் கடைத் தொடரொன்றின் தலைவர், கௌண்டரில் சாமான்களின் விபரத்தைத் தானாகவே பதிய ஒரு வழி கண்டுபிடித்துத் தருமாறு ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கேட்டார். அது காதில் விழுந்த பேர்னாட் சில்வர் என்பவர் தனது நண்பர் ஜோசப் வூட்லண்டிடம் சொன்னார். வூட்லண்ட் மியாமி கடற்கரையில் அமர்ந்து யோசிக்கும்போது, தந்தியில் பயன்படும் புள்ளிகளையும் கோடுகளையும் மணலில் விரலால் குத்தி, அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தார். தடித்த கோடுகளும் மெல்லிய கோடுகளும் கிடைத்தன. 1952 இல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதை வாசிக்கக்கூடிய மலிவான லேசர் ஒளியும் கணினியும் அப்போது இருக்கவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜோர்ஜ் லோரர் வடிவமைத்த இன்றைய கோட்டு முறை 1973 இல் ஏற்கப்பட்டது. 1974 ஜூன் 26 ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்தில் ட்ரோய் என்ற ஊரின் ஒரு சுப்பர் மார்க்கட்டில் முதன்முதலாக ஒரு சுவிங்கம் பக்கற் ஸ்கேன் செய்யப்பட்டது.

நாம் இன்று பார்க்கும் 13 இலக்கங்களில் முன்னிலக்கமும் கொம்பனியின் இலக்கமும் பொருளின் இலக்கமும் முதல் 12 இல் அடங்கும். கடைசி இலக்கம் ஒரு காவலாளி. அதைக் கையால் கணக்கிட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு 479123456789 என்ற 12 இலக்கங்களை எடுப்போம். இடமிருந்து ஒற்றை இடங்களில் உள்ள 4, 9, 2, 4, 6, 8 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 33. இரட்டை இடங்களில் உள்ள 7, 1, 3, 5, 7, 9 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 32. இதை மூன்றால் பெருக்கினால் 96. இரண்டையும் சேர்த்தால் 129. அடுத்த பத்தின் மடங்கான 130 ஐ அடைய 1 தேவை. எனவே கடைசி இலக்கம் 1.

ஸ்கேனர் ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கைச் செய்து, விடை பொருந்தினால்தான் "பீப்" என்கிறது. ஓர் இலக்கம் பிழைத்தால் நிச்சயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். 1 உம் 6 உம் போல ஐந்து வித்தியாசமுள்ளவை இடம் மாறினால் மட்டுமே தப்பிவிடும். கைக்கணக்கில் பழகிய நமது முதலாளிமார் இதை ரசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கோட்டுக்குள் இல்லாதவை

விலை அந்தக் கோட்டுக்குள் இல்லை. காலாவதித் திகதியும் இல்லை. ஹலாலா ஹராமா என்பதும் இல்லை. அது வெறும் பெயர்ப் பலகை. ஸ்கேனர் இலக்கத்தை வாசிக்கிறது, அந்த இலக்கத்துக்கு நேரே நமது கடைக் கணினியில் நாம் பதிந்துவைத்த பெயரையும் விலையையும் கணினி எடுத்துத் தருகிறது. ஒரே பிஸ்கட் பக்கற் இரண்டு கடைகளில் இரண்டு விலைக்குப் போவது அதனால்தான். காலாவதியான பக்கற்றுக்கும் ஸ்கேனர் அதே "பீப்"தான் சொல்லும். கடையிலேயே நிறுத்து லேபல் ஒட்டப்படும் இறைச்சி, மீன், மரக்கறி போன்றவற்றில் மட்டும் 2 இல் தொடங்கும் இலக்கத்துக்குள் எடையையோ விலையையோ வைக்கும் முறை உண்டு. அது அந்தக் கடைக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

ஹலால் பற்றிக் கேட்பவர்களுக்கும் பார்கோட்டைக் காட்டிப் பயனில்லை. ஹலால் இலச்சினையையும் சேர்மானப் பட்டியலையும்தான் காட்ட வேண்டும். பட்டியலில் ஈ 471 என்றிருந்தால் அது தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். இலக்கத்தை வைத்து ஹராம் என்றும் சொல்ல முடியாது, ஹலால் என்றும் சொல்ல முடியாது. இறக்குமதியாளரிடம் கடிதம் கேட்டு வாங்கி வைத்திருப்பதே வழி.

விலை கணினியில்தான் இருக்கிறது என்பதில் ஓர் அமானத் தங்கியிருக்கிறது. ராக்கையில் ஒட்டிய விலை 450 ரூபா, கணினியில் 480 ரூபா என்றிருந்தால் என்ன நடக்கும்? பத்துச் சாமான் வாங்கும் வாடிக்கையாளர் கௌண்டரில் அதைக் கவனிக்கமாட்டார். விலை கூடிய அன்று கணினியில் மாற்றிவிட்டு ராக்கை லேபலை மாற்ற மறப்பது சாதாரணமாக நடக்கிறது. விலை குறைந்த அன்று இதன் மறுபக்கம் நடக்கிறது, ராக்கையில் மாற்றிவிட்டுக் கணினியில் விட்டுவிடுகிறோம். இரண்டிலும் நட்டம் வாங்குபவருக்கே. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தராசில் ஏமாற்றுவதை எவ்வளவு பாரதூரமாக மார்க்கம் சொல்கிறதோ, அந்த வகையைச் சேர்ந்ததாகவே இதை நான் பார்க்கிறேன். தராசைப் பார்த்துக்கொண்டு நின்ற வாடிக்கையாளருக்குத் தட்டு தாழ்வது தெரிந்தது. கணினிக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது. இதற்குச் சட்டமும் இருக்கிறது. பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் குற்றம். "கம்பியூட்டர் அப்படித்தான் காட்டுது" என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது.

நான் சொல்லும் வழி சின்னது. தினமும் காலையில் கடை திறந்ததும் ஒரு பையனை ஸ்கேனருடன் ஒரு ராக்கைக்கு அனுப்புங்கள். ஒரு நாளைக்கு இருபது சாமான் போதும். லேபலும் கணினியும் ஒன்றா என்று பார்த்து ஒரு கொப்பியில் எழுதட்டும்.

ஸ்டொக்கும் ஸகாத்தும்

பார்கோட் போட்டால் ஸ்டொக் தானாகவே சரியாகிவிடும் என்று மென்பொருள் விற்பவர்கள் சொல்கிறார்கள். முழுதாக நம்ப வேண்டாம். ஸ்டொக் பிழைப்பது திருட்டால் மட்டுமல்ல. ஒரே விலையுள்ள சவர்க்காரத்தில் ரோஜாவில் மூன்றும் சந்தனத்தில் மூன்றும் ஒருவர் எடுத்துவருகிறார். அவசரத்தில் கெஷியர் ரோஜாவை ஒரு தடவை ஸ்கேன் செய்து ஆறு என்று அடிக்கிறார். பணம் சரி, பில் சரி, கல்லா சரி. ஆனால் ரோஜாவில் மூன்று குறைகிறது, சந்தனத்தில் மூன்று கூடுகிறது. மாதக் கடைசியில் கணினி "சந்தனம் 18 இருக்கிறது" என்கிறது, ராக்கையில் ஒன்றும் இல்லை. கணினியை நம்பி நீங்கள் சந்தனத்துக்கு ஓடர் கொடுக்காமல் இருக்கிறீர்கள். சந்தனம் கேட்டு வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போகிறார். சிலர் பையன்களைச் சந்தேகித்து வேலையிலிருந்தும் நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே ஸ்கேன் செய் என்று கெஷியருக்குச் சொல்வதும், அதனால் வரிசை கொஞ்சம் நீள்வதைப் பொறுத்துக்கொள்வதும்தான் இதற்கு மருந்து.

இன்னொன்றும் இருக்கிறது. ஸகாத் கணக்குக்கு நமது வியாபாரிகள் பலர் இப்போது கணினியிலிருந்து ஸ்டொக் அறிக்கையை எடுத்து அதன் பெறுமதியில் நாற்பதில் ஒரு பங்கைக் கணக்கிடுகிறார்கள். அந்த அறிக்கை பெரும்பாலும் வாங்கிய விலையில் போடப்பட்டது. வியாபாரப் பொருளை ஸகாத் கடமையாகும் நாளின் சந்தைப் பெறுமதியில் மதிப்பிட வேண்டும் என்பதே அதிகமான அறிஞர்களின் கருத்து. சாதாரண காலத்தில் வித்தியாசம் பெரிதாக இராது. 2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பெப்ரவரியில் வாங்கி வைத்த சாமானைக் கணினி பழைய விலையிலேயே காட்டிக்கொண்டிருந்தது. அந்த அறிக்கையை வைத்து ரமழானில் ஸகாத் கொடுத்தவர் ஏழைகளுக்குச் சேர வேண்டிய பங்கில் எவ்வளவு குறைத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். மொத்த விலையா சில்லறை விலையா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அறிக்கை எந்த விலையில் போடப்பட்டது என்பதை மென்பொருள்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

சொந்தமாகப் பொருள் செய்பவர்களுக்கு

வீட்டில் மாசிச் சம்பலோ மஸ்கட்டோ தொதலோ செய்து விற்கும் நமது சகோதர சகோதரிகள் சுப்பர் மார்க்கட் வாசலுக்குப் போனதும் கேட்கப்படும் முதற் கேள்வி பார்கோட் இருக்கிறதா என்பதே. இணையத்தில் சில தரகர்கள் மலிவு விலைக்கு இலக்கம் விற்கிறார்கள். அந்த இலக்கம் வேறொரு நாட்டில் வேறொருவரின் பெயரில் பதிவாகியிருக்கும். பெரிய கொள்வனவாளர் சரிபார்க்கும்போது உங்கள் சம்பலுக்கு யாரோ ஒருவரின் பெயர் வந்து நிற்கும். ஜீ.எஸ். 1 லங்கா நிறுவனத்தில் பதிவு செய்து பெறுவதே நேர்வழி. வருடாந்தக் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

100 கிராம் போத்தலுக்கும் 250 கிராம் போத்தலுக்கும் வேறு வேறு இலக்கம் வேண்டும். விலை மாறினால் இலக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் அளவைக் குறைத்தால் மாற்றியே ஆக வேண்டும். அச்சகத்துக்குப் போகும் முன் நிறத்தையும் கவனியுங்கள். கௌண்டர் ஸ்கேனரின் ஒளி பொதுவாகச் சிவப்பு. அந்த ஒளிக்குச் சிவப்புக் கோடும் வெள்ளையாகவே தெரியும். சம்பல் லேபலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சிவப்பில் கோடு போட்டால் ஆயிரம் லேபலும் குப்பைக்குத்தான். வெள்ளையில் கறுப்பு, இரண்டு பக்கமும் கொஞ்சம் வெறும் இடம், ஒடுங்கிய போத்தலானால் கோடுகள் ஏணிப்படி போலப் படுத்திருக்கும்படி திருப்பி அச்சிடுதல். இவை போதும்.

கடைக்குப் புதிதாக ஸ்கேனர் வாங்க இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2027 இன் இறுதிக்குள் உலகெங்கும் கடைக் கௌண்டர்கள் கோட்டு முறையுடன் சதுர வடிவக் குறியீடுகளையும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஜீ.எஸ். 1 இலக்கு வைத்திருக்கிறது. 1994 இல் ஜப்பானில் மோட்டார் வாகன உதிரிப்பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கப்பட்ட கியூ.ஆர். அந்த வகையைச் சேர்ந்தது. நமது கௌண்டர்களில் பணம் செலுத்துவதற்காக ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கணக்குக்குப் பணம் அனுப்புவதற்கானது. இது பொருளின் மேல் வருவது. இதற்குள் காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் அடங்கும். கணினி அதற்கேற்ப அமைக்கப்பட்டிருந்தால் காலாவதியான பக்கற்றைக் கௌண்டரிலேயே நிறுத்திவிடும். கோட்டு முறை அப்படியே தொடரும், உடனே எதையும் வீசிவிடத் தேவையில்லை. ஆனால் சிவப்புக் கோட்டொளி மட்டும் பாய்ச்சும் பழைய லேசர் வகை சதுரக் குறியீட்டை வாசிக்காது. கமெரா போலப் படமெடுத்து வாசிக்கும் வகை வேண்டும். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருப்பதால், விற்பவரிடம் ஏதாவது ஒரு கியூ.ஆரை நீட்டி வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.